யாரும் குறை சொல்லவில்லை என்று இருந்துவிடாதீர்கள்

நாளைக்கோ அடுத்த வாரமோ ஒரு வலைத்தளத்தை வெளியிடக் காத்திருக்கும் டிசைனர்களுக்கும் டெவலப்பர்களுக்கும் இதைச் சொல்கிறேன். அவர்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு "எப்போ முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் முதலாளிகளுக்கும், அரசு அலுவலகங்களில் ஒப்புதல் கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெளியிடும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஒருவருக்கு உங்கள் தளம் எப்படித் தெரியும், கண்ணில் புரை விழுந்த ஒரு பெரியவருக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள். பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

இதை எங்கே சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே சார்." என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அந்தப் பதில்தான். நிறம் பிரித்தறிய முடியாதவர்களிடமிருந்து புகார் வராது. திரையில் ஓர் எழுத்து விட்டுப்போனால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு நிறங்கள் ஒன்றாகவே தெரிந்தாலோ, அங்கே இரண்டு நிறம் இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் எழுதுவார்? "நமக்குத்தான் இதெல்லாம் சரியா வரலை" என்று தன்னையே நொந்துகொண்டு மூடிவிட்டுப் போய்விடுவார். உங்கள் கணக்கில் அவர் 'பாதியில் வெளியேறியவர்' என்ற எண்ணிக்கையில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

அணுக் கொள்கைக்காகப் பள்ளியில் நாம் படித்த ஜான் டால்டனுக்கே இப்படித்தான் இருந்தது. 1766-ல் பிறந்த அவர், 26 வயதுவரை தன் கண்ணும் எல்லார் கண்ணையும் போன்றதே என்றுதான் இருந்தார். 1792-ல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் வான நீலமாகத் தெரிந்த பூ, இரவில் அறவே வேறு நிறமாகத் தெரிந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினால், அவருடைய சகோதரரைத் தவிர ஒருவருக்கும் அப்படி மாறவில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. 1794-ல் மான்செஸ்டரில் இதைக் கட்டுரையாக வாசித்தார். தன் கண்ணுக்குள் உள்ள திரவம் நீல நிறமாக இருப்பதே காரணம் என்று நம்பி, இறந்த பிறகு கண்ணைச் சோதித்துப் பார்க்கும்படி சொல்லியிருந்தார். 1844-ல் சோதித்தபோது திரவம் தெளிவாக இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை 1995-ல் ஆராய்ந்த பிறகே, பச்சை ஒளியை உணரும் செல்லுக்கான மரபணு அவருக்கு இல்லை என்று உறுதியானது. இயற்கையைக் கூர்ந்து கவனிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவருக்கு, தன் கண்ணைத் தெரிந்துகொள்ள 26 ஆண்டுகள் ஆயின. வரி கட்டுவதற்காக உங்கள் தளத்தை ஐந்து நிமிடம் திறந்தவர் அதைக் கண்டுபிடித்து உங்களுக்கு எழுதுவார் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. அவற்றில் சிவப்பு, பச்சை இரண்டுக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஈடு கொடுக்கும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் இந்தக் குறைபாடு ஆண்களிடமே அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இது இருக்கிறது. நம் நாட்டில் இந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நூற்றுக்கு மூன்று என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு ஆண்கள் சுமார் 3 கோடியே 61 லட்சம். அதில் நூற்றுக்கு மூன்று என்றால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. கண்புரை உள்ளவர்கள், சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், உச்சி வெயிலில் நின்று போனைப் பார்க்கும் டெலிவரி ஊழியர்கள் எல்லாரும் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள். "ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தானே" என்று சொல்லும் முன் இந்த எண்ணை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுக்கும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பல தளங்களில் காலி இருக்கைக்குப் பச்சைக் கோடு, விற்றுப்போனதற்குச் சாம்பல், பெண்களுக்கு ஒதுக்கியதற்கு இளஞ்சிவப்பு என்று வைத்திருப்பார்கள். அந்தப் படத்தை, பச்சையை உணராத கண்ணுக்குத் தெரிவதுபோல மாற்றிக் காட்டும் கருவியில் போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பும் சாம்பலும் ஒரே மங்கிய நிறமாகிவிட்டன. எது விற்றது, எது பெண்களுக்கானது என்று சொல்ல வழியே இல்லை. வண்ணங்களின் பொருளைச் சொல்லும் விளக்கம் கீழே இருக்கத்தான் செய்தது. அதிலும் வெறும் வண்ணக் கட்டங்கள்தான். பண்டிகை நேரத்தில் டிக்கெட்டுகள் நிமிடக் கணக்கில் தீர்ந்துபோகும். அந்த நிமிடங்களில் ஒரு பையன் ஒவ்வொரு இருக்கையாகத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். மற்றவர்கள் எடுத்துவிடுகிறார்கள். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்வானே தவிர, உண்மைக் காரணம் அவனுக்கே தெரியாது. அந்தக் கட்டத்துக்குள் 'பெ' என்று ஓர் எழுத்தும், விற்ற இருக்கையின் மேல் ஒரு பெருக்கல் குறியும் போட எவ்வளவு நேரம் ஆகும்?

இதைவிடக் கவலை தருவது மழை எச்சரிக்கை வரைபடம். இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. அதை எடுத்து வெளியிடும் செய்தித் தளங்களில், மாவட்டப் பெயர்கூட இல்லாமல் வண்ணம் மட்டும் பூசிய படங்களைப் புயல் சமயத்தில் பார்க்கலாம். பச்சைக்கும் மஞ்சளுக்கும், ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகும் கண்கள் உண்டு. கடலூரில் இருக்கும் ஒருவர் தன் மாவட்டத்துக்கு ஆரஞ்சா, சிவப்பா என்று தெரியாமல் இருக்கலாமா? செய்தித் தளங்களில் வேலை பார்க்கும் நண்பர்களே, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் சரிசெய்துவிடுங்கள். மாவட்டத்தின் பெயரையும் எச்சரிக்கையின் பெயரையும் படத்தின் மேலேயே எழுதுங்கள். கீழே பட்டியலாகவும் கொடுங்கள்.

நான் கேட்பதன் சாரம் ஒன்றுதான். நிறத்தை மட்டும் நம்பி எந்தச் செய்தியையும் சொல்லாதீர்கள். நிறத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. நிறத்தோடு ஒரு சொல்லோ, உருவமோ, இடமோ சேர்ந்து அதே செய்தியைச் சொல்லட்டும். சாலைச் சிக்னலில் சிவப்பு எப்போதும் மேலே, பச்சை கீழே. நிறம் தெரியாதவரும் இடத்தை வைத்து நின்றுவிடுவார். நாம் தினமும் கடையில் வாங்கும் பாக்கெட்டிலும் இதற்குச் சான்று இருக்கிறது. சைவத்துக்குச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், அசைவத்துக்குச் சதுரத்துக்குள் பழுப்பு வட்டம் என்றுதான் பல ஆண்டுகள் இருந்தது. பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிகிறவருக்கு இரண்டும் ஒரே முத்திரைதான். பிறந்ததிலிருந்து சைவம் மட்டுமே உண்பவர் அறியாமல் அசைவத்தை வாயில் வைக்கும் நிலை. 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் புதிய விதிமுறை அசைவக் குறியை முக்கோணமாக மாற்றியது. நிறம் அதே பழுப்புதான். உருவம் மட்டும் மாறியது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான உற்பத்தியாளர்களால் பாக்கெட்டை மறுபடி அச்சடிக்க முடிந்திருக்கிறது. உங்களால் ஒரு ஐகானை மாற்ற முடியாதா? இன்றைக்கும் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று மெனு போடும் ஓட்டல் தளங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

விண்ணப்பப் படிவங்களுக்கும் இதே விதிதான். இருபது கட்டங்களை நிரப்பி 'சமர்ப்பி' அழுத்தினால், "சிவப்பில் உள்ளவற்றைத் திருத்தவும்" என்று மேலே ஒரு வரி வருகிறது. எது சிவப்பு? வழக்கமாகப் போடும் முழுச் சிவப்புக்கும் அடர் பச்சைக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு வெறும் 1.3-க்கு 1 அளவுதான். நிறம் பிரியாத கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம்தான் துணை. அதுவும் இங்கே கிடைப்பதில்லை. கட்டத்தின் அருகிலேயே "பின்கோடு ஆறு இலக்கம் இருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளில், இரவு பதினோரு மணிக்கு அந்தப் படிவத்தோடு ஒரு பிள்ளை போராடிக்கொண்டிருக்கும் என்பதை மனதில் வைத்து அதைச் செய்யுங்கள்.

அடுத்தது எழுத்தின் அடர்த்தி. வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து போடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும் என்று வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்கள் 2008-லிருந்தே சொல்லிவருகின்றன. வெள்ளையின் மேல் 777777 என்ற நிற எண்ணுள்ள சாம்பல் 4.48 தருகிறது, மயிரிழையில் தோல்வி. 767676 என்றால் 4.54, தேறிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பலர் போடுவது 999999. அதன் அளவு 2.85 மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்துவரும் வெப்எய்ம் அமைப்பு மிக அதிகமாகக் காணும் குறை இந்த மங்கிய எழுத்துதான். பத்துப் பக்கங்களில் ஏறத்தாழ எட்டில் அது இருக்கிறது.

தமிழில் தளம் செய்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் எழுத்தில் பொருளையே மாற்றும் உறுப்புகள் மிகச் சிறியவை. கொடிக்கும் கோடிக்கும் நடுவே உள்ளது ஒற்றைச் சுழிதான். மெல்லிய எழுத்துருவை வெளிர் சாம்பலில் போட்டால் முதலில் மறைவது புள்ளி, அடுத்தது சுழி. உதவித்தொகை அறிவிப்பை ஒரு பாட்டி பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதற்கு அவருடைய கண் மட்டும் காரணமில்லை. நாம் தேர்ந்தெடுத்த சாம்பலும் காரணம். சிறிய தமிழ் எழுத்துக்கு 7-க்கு 1 என்ற உயர்ந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். கருப்பில் எழுதினால் உங்கள் வடிவமைப்பின் அழகு குறைந்துவிடாது.

"கம்பெனி கலரே ஆரஞ்சு, அதன் மேல் வெள்ளை எழுத்துதான் கேட்கிறார்கள்" என்பார்கள். அப்படியானால் ஆரஞ்சை முகப்புப் படத்துக்கும் கரைகளுக்கும் வைத்துக்கொண்டு, பொத்தானில் கருப்பு எழுத்துப் போடுங்கள். வாடிக்கையாளர் மறுத்தால் அளவைக் காட்டிப் பேசுங்கள். பார்க்க முடியாத பொத்தானை யாரும் அழுத்த மாட்டார்கள் என்பது எந்த வியாபாரிக்கும் புரியும். "நேரமில்லை" என்பார்கள். தொடக்கத்திலேயே நிறங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் நேரம் என்று ஒன்றுமே இல்லை. கடைசியில் போய்த் திருத்தினால்தான் நேரம் ஆகும். "அப்புறம் செய்துகொள்ளலாம்" என்பார்கள். இந்தத் தொழிலில் அப்புறம் என்று தள்ளியது எத்தனை நடந்திருக்கிறது என்று அவர்களையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

நம் ஊர்க் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். சாம்பார் வராதவர் கூச்சத்தில் வாய் திறக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கேட்கும்வரை காத்திருக்காமல் தானே போய்ப் பார்ப்பார். நம்மை நம்பி வந்தவருக்குச் செய்யும் அந்த மரியாதையைத்தான் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கும் செய்யச் சொல்கிறேன்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. நிறப்பார்வைக் குறைபாடு 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இல்லை. அதனால் இந்தக் குறை உள்ளவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்: வேலைக்குத் தகுதியில்லை என்பார்கள், சலுகை கேட்டால் அதற்கும் தகுதியில்லை என்பார்கள். தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான ஒருவர் நிறப்பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி நிராகரிக்கப்பட்டார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலை தரும்படி உத்தரவிட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நியாயமான ஏற்பாடுகளை மறுக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2024 நவம்பரில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது அதே நீதிமன்றம். 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து ஐரோப்பியக் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் தளம் செய்கிறவர்களை அது நேராகவே தொடும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து செய்கிறவர், அபராதம் இல்லாத இடத்தில் விட்டுவிடுவார். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதைவிட அதிகம்.

செய்முறை எளிது. குரோம் உலாவியில் உங்கள் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். மூன்று புள்ளிகளில் 'மோர் டூல்ஸ்', அதில் 'ரெண்டரிங்'. கீழே இறங்கினால் பார்வைக் குறைபாடுகளைப் போலிசெய்து காட்டும் இடம் வரும். புரோட்டனோபியா சிவப்பை உணராத கண், டியூட்டரனோபியா பச்சையை உணராத கண், டிரைட்டனோபியா நீலத்தை உணராத கண். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, வெறுமனே பார்க்காமல் ஒரு வேலையைச் செய்து முடியுங்கள்: ஒரு டிக்கெட் எடுங்கள், படிவத்தில் வேண்டுமென்றே தப்பு செய்து திருத்துங்கள், வரைபடத்தில் ஒரு கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கேயே மங்கலான பார்வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதையும் போட்டுப் பாருங்கள். பிறகு போனின் அணுகல் அமைப்புகளில் திரையைக் கருப்பு வெள்ளையாக மாற்றி அதே வேலையைச் செய்யுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே நிறம் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கான்ட்ராஸ்ட் அளக்க இலவசக் கருவிகள் நிறைய உண்டு. இரண்டு நிற எண்களைக் கொடுத்தால் விகிதம் வந்துவிடும். வரைபடங்களுக்கு நிறம் தேடுகிறவர்கள் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒகாபேயும் இத்தோவும் வகுத்துத் தந்த எட்டு நிறத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம்; பெரும்பாலான கண்களுக்கு அவை பிரிந்து தெரியும்படி தேர்ந்தெடுத்தவை. ஒரு கோட்டை முழுதாகவும் இன்னொன்றை விட்டு விட்டும் வரையுங்கள். கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதுங்கள். வாக்கியத்துக்கு நடுவில் வரும் இணைப்புக்கு அடிக்கோடு போடுங்கள். கருவி காட்டுவது தோராயம்தான் என்பதால், நிறம் பிரியாத ஒருவரையும் வயதான ஒருவரையும் உட்காரவைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது உதவிக்குப் போகாமல் கவனியுங்கள். அவர்களுடைய நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

நிறுவனம் நடத்துகிறவர்களே, வேலை முடிந்தது என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் பட்டியலில் இந்தச் சோதனையை எழுதிச் சேர்த்துவிடுங்கள். எழுதாத வரைக்கும் அது நல்ல மனமுள்ள ஓர் ஊழியரின் சொந்த விருப்பமாகவே இருக்கும். அவர் வேலை மாறிப் போனால் சோதனையும் அவரோடு போய்விடும். அதிகாரிகளே, டெண்டர் விதிகளில் இதைப் போடுங்கள்; சோதனை முடிவு இல்லாமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். கல்லூரியில் வெப் டிசைன் சொல்லித்தரும் ஆசிரியர்களே, முதல் பாடத்திலேயே இதைச் சொல்லுங்கள். பயன்படுத்துகிறவர்களே, ஒரு தளம் உங்களைக் குழப்பினால் தப்பு உங்களுடையது என்று முடிவுகட்டாமல் அந்த நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்களைப் போலவே தடுமாறி, வாய் திறக்காமல் போனவர்களுக்கும் அந்த இரண்டு வரி பயன்படும்.

டிசைனர் தம்பி, தங்கைகளே, உங்கள் கையில் இருப்பது சாதாரண அதிகாரம் இல்லை. ஒருவர் மழைக்கு முன் வீட்டைவிட்டுக் கிளம்புவதும், கடைசி நாளுக்குள் விண்ணப்பிப்பதும், மருந்தைச் சரியாக ஆர்டர் செய்வதும் நீங்கள் பூசும் நிறத்தைப் பொறுத்து இருக்கிறது. அதைத் தெரிந்த பிறகும் சோதிக்காமல் விட்டால் அது கவனக்குறைவு என்ற பெயரில் தப்பித்துக்கொள்ளாது. ஒருவரைத் தெரிந்தே வெளியே நிறுத்துவதாகும். இப்போது திறந்து வைத்திருக்கும் வேலையிலேயே தொடங்குங்கள். இன்று ஒரு பக்கத்தைச் சோதியுங்கள், கண்ட குறைகளை எழுதிவையுங்கள், முதல் குறையை வீட்டுக்குக் கிளம்பும் முன் திருத்துங்கள்.